60 செகண்ட் கொடுத்தும் டைம்அவுட்: ராத்திரி பில்டில் மட்டும் விழும் செலினியம் டெஸ்ட்டுகள்

நள்ளிரவு_பில்ட் · திங்கள், இரவு 11:42

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். உங்க உதவி வேணும்.

கூரியர் பதிவுத் தளம் ஒண்ணு. உலாவியைத் தானா ஓட்டிச் சோதிக்கிற செலினியம் 4, ஜாவா, டெஸ்ட்டுகளை வரிசையா ஓட்டுற டெஸ்ட்என்ஜி. மொத்தம் 180 டெஸ்ட். ராத்திரி 1 மணிக்கு பில்ட் சர்வர்ல, டாக்கர் கன்டெய்னருக்குள்ள, திரை இல்லாம ஓடற ஹெட்லெஸ் குரோம்ல ஓடும். ஒரே நேரத்துல 4 உலாவி. முடிய 1 மணி 10 நிமிஷம் ஆகுது. தினமும் மூணுல இருந்து அஞ்சு டெஸ்ட் விழுது. நேத்து விழுந்தது இன்னைக்கு பாஸ் ஆகுது, இன்னைக்கு வேற ஒண்ணு விழுது. என் லேப்டாப்ல நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூட விழல.

விழற டெஸ்ட் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு இடம் இருக்கு. புதுப் பதிவுப் பக்கத்தைத் திறக்கணும், ரெண்டு பின்கோடு போடணும், ‘கட்டணம் பார்’ பட்டனை அழுத்தணும், கட்டண அட்டவணை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்தக் கடைசி வரியில டைம்அவுட் எக்செப்ஷன்.

அந்த வரியில காத்திருக்கிற நேரம் (எக்ஸ்ப்ளிசிட் வெயிட்) முதல்ல 10 செகண்ட் இருந்தது. 30 ஆக்கினேன். அப்புறம் 60. விழற எண்ணிக்கை கொஞ்சம்கூடக் குறையல. இதுபோக எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான பேஸ் கிளாஸ்ல இம்ப்ளிசிட் வெயிட் (பட்டன், பெட்டின்னு எந்த எலிமென்ட்டைத் தேடினாலும் தானா காத்திருக்கிற நேரம்) 10 செகண்ட் இருக்கு. எங்க லீட் 120 ஆக்கிப் பார்க்கச் சொல்றார். ஆக்கலாமா?

புதுவரவு · செவ்வாய், காலை 8:15

எங்க டீம்லயும் இதே மாதிரி ஒரு பக்கம் இருக்கு. பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி டெஸ்ட்டை 5 செகண்ட் சும்மா நிறுத்தி வைக்கிற த்ரெட் ஸ்லீப் போட்டோம். அதுக்கப்புறம் விழல. இது நல்ல வழி இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் தெரியும். ஆனா ஏன் வேலை செய்யுதுன்னு யாருமே சொல்லல.

பழைய_செலினியம் · செவ்வாய், காலை 9:03

120 வேண்டாம். முதலில் அந்த இம்ப்ளிசிட் வெயிட்டை எடுத்துவிடுங்கள். உலாவியை இயக்கும் வெப்டிரைவரில் அதன் இயல்பு மதிப்பே 0தான்.

இம்ப்ளிசிட்டையும் எக்ஸ்ப்ளிசிட்டையும் கலக்காதீர்கள் என்று செலினியத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. ஒன்று 10 நொடி, மற்றொன்று 15 நொடி என்று வைத்தால் 20 நொடி கழித்து டைம்அவுட் ஆகலாம் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். பலரும் இதைப் படித்துவிட்டுக் காரணம் புரியாமல் கடந்துபோகிறார்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் ஓடுகின்றன, அதுதான் காரணம். எக்ஸ்ப்ளிசிட் வெயிட் உங்கள் ஜாவா நிரலுக்குள் சுற்றும் லூப். அரை நொடிக்கு ஒருமுறை ‘வந்ததா?’ என்று கேட்கும். இம்ப்ளிசிட் வெயிட் டிரைவர் பக்கம் இருக்கிறது. எலிமென்ட் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு கேள்வியையும் 10 நொடி பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் ‘இல்லை’ என்று சொல்லும். ஆக, லூப் கேட்ட முதல் கேள்விக்கு 10ஆம் நொடியில் பதில் வருகிறது. 15 இன்னும் ஆகவில்லையே என்று மறுபடி கேட்கிறது. அதற்குப் பதில் வரும்போது 20 ஆகிவிட்டது.

உங்களிடம் இருப்பது 10உம் 60உம். அரை நொடிக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் லூப் ஆறேழு முறைதான் சுற்றுகிறது.

ஸ்லீப் போட்ட தம்பிக்கு: 180 டெஸ்ட்டுக்குத் தலா 5 நொடி என்றால் 900 நொடி, அதாவது கால் மணி நேரம். சர்வர் திணறும் நாளில் அந்த 5 போதாது. நன்றாக ஓடும் நாளில் அத்தனையும் வீண்.

டாக்கர்_தம்பி · செவ்வாய், காலை 10:20

லோக்கல்ல விழாம டாக்கர்ல மட்டும் விழுதுன்னா நான் முதல்ல பார்க்கிறது பகிர்வு நினைவகம். கன்டெய்னருக்கு டாக்கர் இயல்பா கொடுக்கிறது 64 எம்பிதான். குரோமுக்கு அது பத்தாது. டேப் செத்துப்போகும், இல்லன்னா பக்கத்தை வரையற ரெண்டரர் பதில் சொல்லலன்னு லாக்ல வரும். எவ்வளவு கொடுத்திருக்கீங்க அண்ணா?

நள்ளிரவு_பில்ட் · செவ்வாய், காலை 10:48

2 ஜிபி கொடுத்திருக்கோம் தம்பி, போன வருஷமே அந்த அடி பட்டாச்சு. டேப் எதுவும் சாகல. ஃபெயில் ஆன டெஸ்ட்டோட ஸ்கிரீன்ஷாட்ல பக்கம் முழுசா தெரியுது.

மதுரைக்காரி · செவ்வாய், மதியம் 1:30

தம்பி, 120 ஆக்கலாமா வேணாமாங்கிறதுக்கு உங்க பழைய ரிப்போர்ட்லயே பதில் இருக்கும். ஒரு வேலை செய்ங்க. கடைசி பத்து நாள் ரிப்போர்ட்டை எடுங்க. ‘கட்டணம் பார்’ அழுத்தினதுல இருந்து அட்டவணை வர்ற வரைக்கும் எத்தனை செகண்ட் ஆச்சுன்னு, பாஸ் ஆன டெஸ்ட்டுக்கும் சேர்த்து, ஒரு எக்செல்ல போடுங்க.

சர்வர் உண்மையிலேயே மெதுவா இருந்தா எண்கள் பரவிக் கிடக்கும். 3, 7, 12, 25, 41 இப்படி. அப்போ டைம்அவுட்டைக் கூட்டினா சிலது தப்பிக்கும், அதுல நியாயம் இருக்கு. எல்லாம் 2, 3 செகண்ட்ல முடிஞ்சு, விழுந்தது மட்டும் சரியா 60ல நின்னு, நடுவுல ஒண்ணுமே இல்லன்னா, அது மெதுவா வர்ற விஷயம் இல்ல. வரவே போறதில்லாத விஷயம். 120 இல்ல, விடியற வரைக்கும் கொடுத்தாலும் வராது.

அப்புறம் புதுவரவு சொன்னதை யாரும் கண்டுக்காம தாண்டிட்டீங்க. அவர் ஸ்லீப் போட்டது க்ளிக்குக்கு முன்னாடி. நம்ம நண்பர் நேரத்தைக் கூட்டினது க்ளிக்குக்குப் பின்னாடி. அவருக்கு சரியாச்சு, இவருக்கு ஆகல. ஸ்லீப் நல்லதா கெட்டதாங்கிறது இருக்கட்டும், இந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைச்ச தடயம்.

நள்ளிரவு_பில்ட் · புதன், காலை 7:55

அக்கா, ராத்திரியே உட்கார்ந்து எடுத்தேன். 10 நாள். பாஸ் ஆனது எல்லாம் 1.8ல இருந்து 3.4 செகண்டுக்குள்ள. ஃபெயில் ஆனது மொத்தம் 38, எல்லாமே அன்னைக்கு வெச்சிருந்த வரம்பு வரைக்கும் போய்தான் விழுந்திருக்கு. நடுவுல ஒண்ணுகூட இல்ல.

ஒரு வாரமா இந்த எண்கள் என் ரிப்போர்ட்லயே இருந்திருக்கு. பாஸ் ஆன டெஸ்ட்டோட நேரத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்ல.

ஸ்கிரீன்ஷாட்டையும் பெருசாக்கிப் பார்த்தேன். ரெண்டு பின்கோடும் பெட்டியில இருக்கு. பட்டன் இருக்கு. அட்டவணை இல்ல, சுத்துற லோடிங் சக்கரம் இல்ல, சிவப்புல பிழைச் செய்தியும் இல்ல.

மதுரைக்காரி · புதன், காலை 9:10

சக்கரமும் இல்ல, பிழையும் இல்லன்னா க்ளிக் போய்ச் சேரலன்னு தோணுது. ஊகிக்க வேணாம், பார்த்துடலாம். குரோமோட பெர்ஃபார்மன்ஸ் லாகை ஆன் பண்ணுங்க. அதுல நெட்வொர்க் நிகழ்வுகள் எல்லாம் வரும். ஃபெயில் ஆனா அதை ஒரு ஃபைல்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. சர்வர்கிட்ட கட்டணம் கேட்கிற முகவரிக்கு, அதாவது கட்டண ஏபிஐக்கு, ரிக்வெஸ்ட் போச்சான்னு மட்டும் பாருங்க. போயி பதில் வரலன்னா சர்வர் ஆளுங்க வேலை. பதில் வந்தும் அட்டவணை வரலன்னா முன்பக்கத்து ஆளுங்க வேலை. போகவே இல்லன்னா க்ளிக்.

லீட்_பார்வை · புதன், காலை 11:35

நான் ஒரு டீமை நடத்துபவன் என்ற இடத்திலிருந்து சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் இவ்வளவு ஆராய நேரம் இருக்காது. டெஸ்ட்என்ஜியில் ரீட்ரை அனலைசர் இருக்கிறது. விழுந்தால் இன்னும் இரண்டு முறை ஓடட்டும் என்று எழுதிவிட்டால் பில்ட் பச்சையாகிவிடும். எங்களிடம் இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. ரிலீஸ் எதுவும் தள்ளிப்போனதில்லை.

மதுரைக்காரி · புதன், மதியம் 12:20

ஐயா, உங்க அவசரம் புரியுது, நானும் ரிலீஸ் நாள்ல உட்கார்ந்திருக்கேன். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. இருபது தடவைக்கு ஒரு தடவை க்ளிக் தொலையுதுன்னு வெச்சுக்குவோம். மூணு வாய்ப்பு கொடுத்தா மூணுமே விழறதுக்கான வாய்ப்பு 8000ல ஒண்ணு. பில்ட் பச்சையாத்தான் இருக்கும். ஆனா தளத்துக்கு வர்ற ஆள் மூணு தடவை ஓட மாட்டார். அவருக்கு இருபதுல ஒண்ணு அப்படியேதான் இருக்கும், நம்ம ரிப்போர்ட்ல அது தெரியாது.

ரீட்ரை வைக்கவே கூடாதுன்னு சொல்லல. வைங்க. ரெண்டாவது தடவையில பாஸ் ஆனதைத் தனியாக் குறிச்சு, வாரம் ஒருநாள் அந்தப் பட்டியலை ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கணும். செலினியம் மாதிரியே இன்னொரு கருவியான பிளேரைட்ல அதுக்கு ஃப்ளேக்கின்னு தனிக் குறியே இருக்கு. டெஸ்ட்என்ஜில நாமதான் எழுதிக்கணும்.

லீட்_பார்வை · புதன், மதியம் 12:41

தனியாகக் குறிப்பது எங்களிடம் இல்லை. அது நியாயம்தான். இந்த வாரமே சேர்க்கச் சொல்கிறேன்.

நள்ளிரவு_பில்ட் · வியாழன், காலை 8:05

நேத்து ராத்திரி 4 விழுந்தது. நாலுலயும் கட்டண ஏபிஐக்கு ரிக்வெஸ்ட் போகவே இல்ல. செலினியம் லாக்ல க்ளிக் வெற்றின்னு இருக்கு.

பட்டன் கண்ணுக்குத் தெரியுது, எலிமென்ட் க்ளிக்கபிள்னு செலினியமும் சொல்லுது, க்ளிக்கும் நடந்திருக்கு. அப்போ அது எங்க போச்சு?

முன்பக்க_வேலை · வியாழன், காலை 9:40

நான் டெஸ்ட்டர் இல்லை, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் தளத்தின் முன்பக்கத்தை எழுதுகிறவன். இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேள்வி. உங்கள் தளத்தின் முதல் எச்டிஎம்எல் சர்வரிலேயே தயாராகி வருகிறதா? வெப்டிரைவரில் பேஜ் லோட் ஸ்ட்ராட்டஜி என்ன வைத்திருக்கிறீர்கள்?

நள்ளிரவு_பில்ட் · வியாழன், காலை 9:58

ஆமா, சர்வர் ரெண்டரிங்தான், ரியாக்ட் 18. ஸ்ட்ராட்டஜி ‘ஈகர்’. போன வருஷம் பக்கத்துல ஒரு சாட் விட்ஜெட் சேர்த்தாங்க, அது சில ராத்திரி வந்து முடியறதே இல்ல. ஒவ்வொரு பக்கமும் லோட் ஆக நிமிஷக்கணக்குல ஆச்சு. அப்போ யாரோ ஒருத்தர் ஈகர்னு மாத்தினார். அதுக்கப்புறம் வேகமா ஓடுச்சு, அதனால யாரும் திரும்பித் தொடல.

முன்பக்க_வேலை · வியாழன், காலை 10:45

அப்படியானால் உங்கள் க்ளிக் தொலைந்த இடம் எனக்குத் தெரிகிறது.

சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லில் பட்டன், பெட்டி எல்லாம் வந்துவிடும். கண்ணுக்கு முழுப் பக்கம். ஆனால் ‘இந்தப் பட்டனை அழுத்தினால் இதைச் செய்’ என்கிற பகுதி ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. அது தனியாக வந்து இறங்கி, ஓடி, ஏற்கெனவே இருக்கும் பக்கத்தோடு ஒட்ட வேண்டும். அந்த ஒட்டலைத்தான் ஹைட்ரேஷன் என்கிறோம். எச்டிஎம்எல் வந்ததற்கும் ஒட்டி முடிந்ததற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் பட்டன் வெறும் படம். காலிங் பெல் சுவரில் இருக்கிறது, உள்ளே கரன்ட் இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் அழுத்திவிட்டு வாசலில் நிற்கிறீர்கள். 10 நிமிடம் நின்றாலும் ஒரு மணி நேரம் நின்றாலும் ஒன்றுதான், உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

ஸ்ட்ராட்டஜி ‘நார்மல்’ என்றால் லோட் நிகழ்வு வரும்வரை டிரைவர் காத்திருக்கும். ‘ஈகர்’ என்றால் எச்டிஎம்எல் படித்து முடித்ததும் கட்டுப்பாட்டை உங்கள் டெஸ்ட்டிடம் கொடுத்துவிடும். ஏசிங்க் (பக்கத்தை நிறுத்தாமல் தனியாக இறங்கட்டும்) என்று குறித்த ஸ்கிரிப்டுகளுக்காக நிற்காது. எங்கள் ரியாக்ட் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் ஏசிங்க்தான். உங்கள் லேப்டாப்பில் அந்த இடைவெளி மிகச் சிறியது, டெஸ்ட் பின்கோடு அடித்து முடிப்பதற்குள் ஒட்டிவிடும். பில்ட் சர்வரில் ஒரே சிபியுவுக்கு 4 குரோம் அடித்துக்கொள்ளும்போது இடைவெளி நீள்கிறது. சில நேரம் உங்கள் டெஸ்ட் முந்திவிடுகிறது.

புதுவரவின் ஸ்லீப் வேலை செய்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவருடைய 5 நொடியில் கரன்ட் வந்துவிட்டது.

இன்னொன்றும் பாருங்கள். ஹைட்ரேஷனுக்கு முன் அடித்த பின்கோடு பெட்டியில் தெரியும், ரியாக்ட் தனக்குள் வைத்திருக்கும் ஸ்டேட்டில் இருக்காது. ‘பின்கோடு கட்டாயம்’ என்று பெட்டி நிறைந்திருக்கும்போதே பிழை வந்த டெஸ்ட் ஏதாவது உண்டா? பட்டன் சப்மிட் வகையாக இருந்தால் அறிகுறி இன்னும் விநோதமாக இருக்கும்: ஃபார்ம் பழைய முறையில் சமர்ப்பிக்கப்பட்டுப் பக்கமே மறுபடி லோட் ஆகி, யூஆர்எல்லின் வாலில் ஒரு கேள்விக்குறி ஒட்டியிருக்கும்.

நள்ளிரவு_பில்ட் · வியாழன், காலை 11:02

‘பின்கோடு கட்டாயம்’ ரெண்டு தடவை வந்திருக்கு! அதை வேற பக்ன்னு நினைச்சுத் தனியா டிக்கெட் போட்டு வெச்சிருக்கேன்.

பிளேரைட்_பக்கம் · வியாழன், மதியம் 2:15

நான் மூணு வருஷமா பிளேரைட்தான். இந்த மாதிரி இழை வந்தா ‘பிளேரைட்டுக்கு மாறுங்க’ன்னு எழுதற ஆள் நான். இந்தத் தடவை அப்படி எழுத மாட்டேன், ஏன்னா இந்தச் சிக்கல் அங்கயும் இருக்கு.

பிளேரைட் க்ளிக் பண்றதுக்கு முன்னாடி தானா சில விஷயம் பார்க்கும். எலிமென்ட் தெரியுதா, நகராம நிக்குதா, வேற எதுவும் மேல மறைக்கலியா, செயல்ல இருக்கான்னு. நகராம நிக்குதாங்கிறதுக்கு அடுத்தடுத்த ரெண்டு அனிமேஷன் ஃபிரேம்ல ஒரே இடத்துல இருக்கான்னு பார்க்கும். செலினியத்துல நாம கையால எழுதற பல வெயிட் இதுல போயிடும். ஆனா ‘பட்டனுக்குப் பின்னாடி ஆள் இருக்கா’ன்னு அதுக்கும் தெரியாது. அவங்க ஆவணத்துலயே ஹைட்ரேஷன்னு தனிப் பகுதி இருக்கு. ஒட்டி முடியற வரைக்கும் பட்டன், பெட்டி எல்லாத்தையும் முடக்கி வைக்கிறதுதான் சரியான தீர்வு, அதைத் தளத்துலதான் செய்யணும்னு எழுதியிருக்காங்க.

அங்க டைம்அவுட் அடுக்கடுக்கா இருக்கும், அதைப் புரிஞ்சுக்காம மாறிட்டுத் திண்டாடறவங்களைப் பார்த்திருக்கேன். ஒரு டெஸ்ட்டுக்கு 30 செகண்ட். எதிர்பார்த்தது வந்துச்சான்னு பார்க்கிற எக்ஸ்பெக்ட்டுக்கு 5. க்ளிக் மாதிரி செயலுக்குத் தனி வரம்பே கிடையாது, அது டெஸ்ட்டோட 30க்குள்ள அடங்கும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னாடி ஓடற பிஃபோர் ஈச் ஹூக் எடுத்துக்கிற நேரமும் அந்த 30லதான் கழியும். லாகின் 22 செகண்ட் எடுத்துட்டா டெஸ்ட்டுக்கு மிச்சம் 8. அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு வரியில டைம்அவுட் வந்து நிக்கும், ஆளுங்க அந்த வரியைத் திருத்திட்டு இருப்பாங்க. சைப்ரஸ்ங்கிற இன்னொரு கருவியில ஒரு கட்டளைக்கு 4 செகண்ட், பக்கம் லோட் ஆக 60. எண் எதுவா இருந்தாலும் உள்ளே இருக்கிற வரம்பு வெளியே இருக்கிறதைவிடச் சின்னதா இருக்கணும். இல்லன்னா வெளி வரம்பு முதல்ல அறுத்துடும், ‘கட்டண அட்டவணை வரல’ங்கிற உருப்படியான செய்திக்குப் பதிலா ‘நேரம் முடிஞ்சது’ன்னு மொட்டையா வரும்.

பழைய_செலினியம் · வியாழன், மாலை 4:30

செவ்வாய்க்கிழமை நான் இம்ப்ளிசிட்டில் நின்றுவிட்டேன். அது திருத்த வேண்டிய தவறுதான், ஆனால் இந்த ஃபெயிலுக்குக் காரணம் அது இல்லை. மதுரைக்காரி கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஈகரை நார்மல் ஆக்கினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. சாட் விட்ஜெட் மறுபடி வந்து நிற்கும். பேஜ் லோட் வரம்பு இயல்பாக 300 நொடி, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் காவு போகும். டெஸ்ட் சூழலில் அந்த விட்ஜெட்டின் முகவரியையே குரோமின் டெவலப்பர் கருவியான டெவ்டூல்ஸ் வழியாகத் தடுத்துவிட்டு நார்மலுக்கு வாருங்கள். நீங்கள் சோதிப்பது கூரியர் பதிவை, அடுத்தவரின் சாட்டை அல்ல. ஆனால் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது லோட் நிகழ்வு வராது, அங்கே ஸ்ட்ராட்டஜி எதுவும் உதவாது. ஆகவே கடைசியில் தளம்தான் ‘நான் தயார்’ என்று சொல்ல வேண்டும்.

நள்ளிரவு_பில்ட் · வெள்ளி, மாலை 6:10

எங்க முன்பக்க டீம்கிட்ட போனேன். ‘எந்த மனுஷனும் பக்கம் வந்த கால் செகண்டுல பட்டனை அழுத்த மாட்டான், இது டெஸ்ட்டோட அவசரம், டெஸ்ட்டைத் திருத்துங்க’ன்னு சொல்லிட்டாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம வந்துட்டேன்.

முன்பக்க_வேலை · வெள்ளி, மாலை 6:55

எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம், ஏனென்றால் எங்கள் மேசையில் இருப்பது நல்ல லேப்டாப், நல்ல இணைப்பு. வாதம் வேண்டாம், காட்டிவிடுங்கள். குரோம் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி என்று வையுங்கள், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை 6 மடங்கு மெதுவாக்குங்கள். பக்கத்தை ரீலோட் செய்து, பட்டன் தெரிந்த உடனே அவர்களையே அழுத்தச் சொல்லுங்கள். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும்.

நள்ளிரவு_பில்ட் · திங்கள், மதியம் 1:05

இன்னைக்குக் காலையில காட்டினேன். பட்டன் தெரிஞ்சதுல இருந்து 9 செகண்ட் வரைக்கும் அழுத்தினா ஒண்ணுமே நடக்கல. அவங்க டீம் லீட் தானே நாலு தடவை அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவரே சொன்னார், கஸ்டமர் கேருக்கு ‘பட்டன் வேலை செய்யல’ன்னு புகார் வந்துட்டே இருக்கு, இங்க முயற்சி பண்ணினா நல்லாத்தான் வருது, அதனால மூடிட்டே இருந்தோம்னு. சின்ன ஊர்ல, பழைய ஃபோன்ல பதிவு பண்றவங்கதான் எங்களுக்கு அதிகம்.

ஒட்டி முடியற வரைக்கும் ஃபார்ம் முழுக்க முடக்கி வைக்கிற மாற்றத்தை இப்ப ஓடற வேலைச் சுற்றுலயே (ஸ்பிரிண்ட்) எடுத்துட்டாங்க.

புதுவரவு · திங்கள், மதியம் 2:30

என் ஸ்லீப்புக்குக் காரணம் இப்பதான் புரிஞ்சது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

இன்னொரு சந்தேகம் கேட்கலாமா? எங்க டெஸ்ட்ல ஒவ்வொரு பக்கத்துலயும் ‘பிழைச் செய்தி இல்லை’ன்னு சரிபார்க்கிறோம். அந்த வரி மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியா 10 செகண்ட் எடுக்குது. எங்களுக்கும் இம்ப்ளிசிட் 10தான்.

பழைய_செலினியம் · திங்கள், மாலை 3:10

அதேதான் காரணம். இல்லாத ஒன்றைத் தேடச் சொல்கிறீர்கள். டிரைவர் ‘இல்லை’ என்று சொல்வதற்குமுன் உங்கள் 10 நொடியையும் முழுதாகக் காத்துவிடும். எலிமென்ட்டுகளைப் பட்டியலாகக் கேட்டு, பட்டியல் காலியா என்று பார்த்தாலும் அப்படித்தான். இம்ப்ளிசிட்டை 0 ஆக்கினால் அந்த வரி உடனே முடியும்.

ஆனால் உடனே முடிவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிழைச் செய்தி அரை நொடி கழித்து வரக்கூடியது என்றால், வருவதற்கு முன்பே ‘இல்லை’ என்று பார்த்து பாஸ் ஆகிவிடும். லோடிங் சக்கரம் மறையும்வரை காத்திரு என்று எழுதுபவர்களும் இதில்தான் விழுகிறார்கள். சக்கரம் இன்னும் தோன்றவே இல்லை, அதற்குள் ‘மறைந்துவிட்டது’ என்று பாஸ். அடுத்த வரி அரைகுறைப் பக்கத்தில் ஓடுகிறது. இல்லாததற்குக் காத்திருக்காமல், வேலை முடிந்தால் மட்டுமே வரக்கூடிய ஒன்றுக்கு முதலில் காத்திருங்கள்: கட்டண அட்டவணையின் மொத்தத் தொகை, பதிவு எண், எதுவானாலும். அது வந்த பிறகு பிழைச் செய்தி இல்லையா என்று ஒரே ஒரு முறை பாருங்கள்.

நள்ளிரவு_பில்ட் · திங்கள், மாலை 3:25

எங்க பேஸ் கிளாஸ்லயும் இதே பொது மெத்தட் இருக்கு! எண்ணிப் பார்த்தேன், ஒரு முழு ஓட்டத்துல 420 தடவை கூப்பிடறோம். 4200 செகண்ட். நாலு உலாவிக்குப் பிரிச்சா பதினேழரை நிமிஷம் தினமும் சும்மா நிக்குது.

நள்ளிரவு_பில்ட் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:00

பலரும் தனிச்செய்தியில கேட்டதால இங்கயே எழுதறேன்.

ஃபார்ம் இப்ப முடங்கின நிலையில வருது, ஒட்டி முடிஞ்சதும் திறக்குது. டெஸ்ட் பக்கம் நான் செஞ்சது: இம்ப்ளிசிட் 0, பெட்டியில எழுதறதுக்கு முன்னாடி அது செயல்ல இருக்கான்னு ஒரு எக்ஸ்ப்ளிசிட் வெயிட், சாட் விட்ஜெட் தடுப்பு, ஸ்ட்ராட்டஜி மறுபடி நார்மல். டைம்அவுட்டை 60ல இருந்து 15க்கு இறக்கிட்டேன். முதல் ராத்திரி இறக்கும்போது கை நடுங்கிச்சு. அதுக்கப்புறம் கட்டணப் பக்கத்துல ஒரு டைம்அவுட்கூட இல்ல. முழு ஓட்டம் 1 மணி 10 நிமிஷத்துல இருந்து 48 நிமிஷம் ஆயிடுச்சு.

‘பின்கோடு கட்டாயம்’ டிக்கெட்டையும் மூடியாச்சு.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. 5 நிமிஷம் சும்மா இருந்தா செஷன் முடிஞ்சு லாகின் பக்கத்துக்குத் தள்ளணும், அதுக்கு ஒரு டெஸ்ட். அது உண்மையிலேயே 5 நிமிஷம் ஸ்லீப்ல நிக்குது. இதுக்கு வழி உண்டா?

பிளேரைட்_பக்கம் · ஞாயிறு, காலை 11:20

அந்த 5 நிமிஷத்தை எண்றது உலாவியா, சர்வரா? உலாவியில டைமர் வெச்சு எண்ணினா, கடிகாரத்தை நாமே தள்ளி வைக்கலாம். பிளேரைட்ல 1.45ல இருந்து அதுக்குத் தனி வசதி இருக்கு, சைப்ரஸ்ல ரொம்ப நாளா இருக்கு. செலினியத்துல நீங்க பக்கம் லோட் ஆகறதுக்கு முன்னாடியே ஒரு போலிக் கடிகார ஸ்கிரிப்டை உள்ளே தள்ளணும். டெவ்டூல்ஸ் வழியா முடியும். சர்வர் எண்ணினா டெஸ்ட் சூழல்ல மட்டும் செஷன் காலத்தை 10 செகண்டா குறைக்க ஒரு கான்ஃபிக் கேளுங்க.

நள்ளிரவு_பில்ட் · ஞாயிறு, காலை 11:34

சர்வர்தான் எண்ணுது. நாளைக்கே அந்த கான்ஃபிக்கைக் கேட்கிறேன். பழைய ரிப்போர்ட்டை எக்செல்ல போடச் சொன்னதுல இருந்து ஒவ்வொரு படியா கூடவே வந்த மதுரைக்காரி அக்காவுக்குத் தனியா நன்றி.

மதுரைக்காரி · ஞாயிறு, இரவு 8:50

சந்தோஷம் தம்பி. அந்த எக்செல்லை அழிச்சிடாதீங்க. வாரத்துக்கு ஒருநாள் புது எண்களையும் அதுல சேர்த்துட்டே வாங்க. 3.4 மெல்ல 6, 7ன்னு ஏற ஆரம்பிச்சா, டெஸ்ட் விழறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.